தஞ்சை மேடையில் மலைமக்கள் ஆட்டம்

காவிரிப் படுகையில் மலை இல்லை. ஆறும் அதன் கிளைகளும் கொணர்ந்து படிய வைத்த வண்டல், கண்ணுக்கெட்டிய தொலைவு வரை வயலாக விரிந்து கிடக்கிறது. 1010-ஆம் ஆண்டில் நிறைவுற்ற பெரிய கோயிலின் விமானத்துக்குச் சோழர் காலத்தில் ‘தட்சிணமேரு’ என்று பெயர்; தென்திசை மேருமலை என்பது பொருள். மலையற்ற நாட்டார் கல்லால் ஒரு மலையைக் கட்டிக்கொண்டனர் எனலாம். அக்கோயிலிலேயே பிற்காலத்தில் ஒரு மலைக்குறத்தியும் ஆடினாள். ஆனால் அவள் மலையிலிருந்து வந்தவள் அல்லள்!

கைகோத்த குரவை

மலைமக்கள் ஆட்டம் தமிழருக்குப் புதியதன்று. குறிஞ்சி நிலத்துக் குரவை பற்றிச் சங்கப் பாடல்கள் பேசுகின்றன. காவிரி கடலோடு கலக்கும் புகாரில் தொடங்கும் சிலப்பதிகாரக் கதை, சேரநாட்டு மலைக்குச் சென்றதும் ‘குன்றக்குரவை’ என்னும் பகுதியை அடைகிறது. கண்ணகி விண்ணுலகு சென்றதைக் கண்ட குறவர்கள் அவளைத் தெய்வமாகக் கொண்டு குரவை ஆடுகின்றனர். எழுவரோ ஒன்பதின்மரோ கைகோத்து ஆடுவது குரவை என்பர் உரையாசிரியர். இங்கே ஆடுவோர் உண்டு. தனியே பார்வையாளர் என்று எவரும் இல்லை. இதை நினைவில் கொள்வோம்.

அரசவைக்கு வந்த குறத்தி

மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி (1798–1832) காலத்தில் கொட்டையூர் சிவக்கொழுந்து தேசிகர் ‘சரபேந்திர பூபால குறவஞ்சி’யை இயற்றினார். மன்னன் மேல் காதல் கொண்ட தலைவி வாடுகிறாள். இடுப்பில் கூடையும் கையில் கோலுமாகக் குறத்தி வருகிறாள். தன் மலையின் வளத்தைப் பாடுகிறாள். கை பார்த்துக் குறி சொல்லிப் பரிசு பெறுகிறாள். பின்னர் அவள் கணவன் சிங்கன் அவளைத் தேடி அலைகிறான். குறவஞ்சி நாடகங்கள் பலவற்றுக்கும் கதைப்போக்கு இதுவே.

இந்நாடகம் பெரிய கோயில் திருவிழாவில் ஆண்டுதோறும் ஆடப்பட்டது. ஆடியவர்கள் கோயில் நடனக் கலைஞர்கள். பாடலும் பாவமும் சதிர் மரபில் தேர்ந்தவை. 1947-இல் தேவதாசி முறை ஒழிப்புச் சட்டம் வந்தது. கோயிலில் ஆடும் அவ்வழக்கமும் மறைந்தது. ஆயினும் குறவஞ்சி மறையவில்லை. 1944-இலேயே ருக்மிணி தேவி சென்னைக் கலாக்ஷேத்திரத்தில் ‘குற்றாலக் குறவஞ்சி’யை நாட்டிய நாடகமாக மேடையேற்றியிருந்தார்.

இவற்றில் மலைப்பெண் ஒரு வேடம் மட்டுமே. அவள் என்ன பேச வேண்டும் என்பதைப் புலவர் தீர்மானித்தார்; எப்படி ஆட வேண்டும் என்பதை நட்டுவனார் தீர்மானித்தார். அழகிய கலைதான், ஐயமில்லை. ஆனால் பிறர் புனையும் வேடம் எங்கே போய் நிற்கும் என்பதற்கு உறுதி கிடையாது. ஊர்த் திருவிழாக்களில் ‘குறவன் குறத்தி ஆட்டம்’ என்ற பெயரில் கொச்சையான ஆட்டம் பரவியது. அது தங்களை இழிவுபடுத்துகிறது என்று குறவர் சமூகத்தினர் முறையிட்டனர். 2023-ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு அவ்வாட்டத்துக்குத் தடை விதித்தது.

மலையே இறங்கி வந்தது

1986-ஆம் ஆண்டு தஞ்சாவூரில் தென்னகப் பண்பாட்டு மையம் அமைந்தது. நாட்டின் பல பகுதிகளில் மைய அரசு நிறுவிய பண்பாட்டு மையங்களுள் இதுவும் ஒன்று. இத்தகைய அமைப்புகளின் விழாக்கள் வழியாக, நீலகிரித் தோடரும் கோத்தரும் தம் ஆட்டத்தைத் தாமே மேடையில் ஆடும் வாய்ப்புப் பிறந்தது. வேடம் போய், ஆளே வந்தார் எனலாம்.

அப்படியானால் மலையில் கண்டதையே மேடையிலும் காண்கிறோமா? முழுவதும் இல்லை. கோத்தர் தம் தெய்வத் திருவிழாவில் இரவில் நெருப்பு மூட்டி அதைச் சுற்றி ஆடுவர். நம் நாகசுரம் போலச் சீவாளி வைத்து ஊதும் குழலும் தோற்கருவிகளும் உடன் முழங்கும். நாள்கணக்கில் நடப்பது அவ்விழா. தோடரோ தம் பாட்டையே தாளமாகக் கொண்டு கைகோத்து வட்டமிட்டு ஆடுவர். அப்பாட்டுகளில் அவர்களுடைய எருமைகளும் புனித இடங்களும் பெயர் சொல்லிப் போற்றப்படும். மொழியியல் அறிஞர் எமனோ 1930-களில் இவற்றைத் திரட்டி, 1971-இல் பெரு நூலாக வெளியிட்டார்.

வட்டத்தில் ஆடுவோர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கின்றனர். ஓசை உள்நோக்கிக் குவிகிறது. மேடைக்கோ முன்புறம் ஒன்றே. வட்டத்தை அப்படியே ஆடினால் பாதிப் பேர் சபைக்கு முதுகு காட்ட நேரும். ஆகவே வட்டம் பிறையாக விரிகிறது. இரவு முழுதும் நீள்வது சில நிமிடங்களில் அடங்குகிறது. விழா நாளுக்கு உரியது, அழைத்த நாளில் நடக்கிறது. நெருப்பின் இடத்தில் மின்விளக்கு நிற்கிறது.

இதனால் மேடை வேண்டாம் என்பதில்லை. மேடை ஊதியம் தருகிறது, பெயர் தருகிறது, மலைக்குப் போக இயலாத தஞ்சை மாணவனுக்குத் தோடர் குரலைக் கேட்க வைக்கிறது. ஆனால் கண்டது ஒரு துண்டு என்பதை அவன் அறிந்திருக்க வேண்டும். அடுத்த முறை இத்தகைய ஆட்டத்தைப் பார்க்கும்போது மூன்று கேள்விகளை எழுப்பிப் பாருங்கள்: ஊரில் இதை எந்த நாளில் ஆடுவர்? யார் யாருக்கு ஆட உரிமை உண்டு? மேடைக்காக எதை விட்டுவிட்டு வந்தனர்? விடை சொல்ல ஆடுவோரே இன்று எதிரில் நிற்கின்றனர். சரபோஜி காலத்துச் சபைக்கு அந்த வாய்ப்பு இல்லை.