ஒரு ‘டக்’கின் வரலாறு

கியரை மாற்றிக் கிளட்சை விடும் கணத்தில் வண்டியின் அடியிலிருந்து ‘டக்’கென்று ஒரு தட்டொலி எழுவதைப் பிக்அப் ஓட்டுநர் அனைவரும் அறிவர். பாரம் ஏறியபின் அது ‘டொக்’கெனக் கனத்து ஒலிக்கும். கேட்டவுடன் பலரும் ஐயுறுவது கியர் பாக்ஸைத்தான். கியரைத் தொட்டபோது பிறந்த ஒலி என்பதால் அந்த ஐயம் இயல்பே. ஆயினும் அவ்வொலி தோன்றிய வரலாற்றைப் பின்தொடர்ந்தால், தேட வேண்டிய இடம் பெரும்பாலும் வேறு என்பது புலனாகும். கியர் பாக்ஸை இறக்கிப் பிரிக்கும் கூலியும், வண்டி நிற்கும் நாட்களின் வாடகை இழப்பும் சொந்த வண்டியை ஓட்டிப் பிழைப்பவருக்குச் சிறியவை அல்ல.

முதலில் ஒலியை ஒலியிலிருந்து பிரித்தறிய வேண்டும். மரே எமனோ 1969இல் ‘லாங்குவேஜ்’ ஆய்விதழில் எழுதிய கட்டுரை, ஒலிக்குறிப்புச் சொற்களை திராவிட மொழிகளும் இந்திய-ஆரிய மொழிகளும் பகிர்ந்துகொள்ளும் பொதுக் கூறாக எடுத்துக்காட்டியது. தமிழில் ‘கடகட’ என்றால் இந்தியில் ‘கட்கட்’. இந்நாட்டின் எந்தப் பட்டறையிலும் ஓட்டுநர் இத்தகைய சொல்லால்தான் வண்டியின் நோயை அறிவிக்கிறார். மெக்கானிக்கும் அதைக் கொண்டே ஊகிக்கத் தொடங்குகிறார். நம் காதுக்கு ‘கரகர’ என்பது நீடிக்கும் உராய்வு. ‘டக்’ என்பது ஒற்றை மோதல். இயந்திரத்தினுள்ளும் இவை இரு வேறு நிகழ்வுகள், இரு வேறு வரலாறுகள்.

‘கரகர’வின் வரலாறு பாரிஸில் தொடங்குகிறது. 1890களில் பனார் – லெவாசோர் நிறுவனத்தின் வண்டிகளில், வெவ்வேறு வேகத்தில் சுழலும் பற்சக்கரங்களைப் பக்கவாட்டில் நகர்த்தி ஒன்றோடொன்று கோத்தார்கள். ‘முரட்டுத்தனம்தான், ஆனால் வேலை செய்கிறது’ என்று எமில் லெவாசோர் சொன்னதாக ஒரு வழக்கு உண்டு. அந்த முரட்டுத்தனத்தை ஓட்டுநரின் காலே ஈடுசெய்தது. கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, காலை எடுத்து, இறங்குகியராயின் ஆக்சிலேட்டரைத் தட்டி, மீண்டும் கிளட்சை மிதித்து அடுத்த கியருக்குள் நுழைவது அக்கால வித்தை. பற்கள் கோத்துக்கொள்ளுமுன் வேகங்களைச் சமப்படுத்தும் ஒத்திசைவு அமைப்பை 1928இல் காடிலாக் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஆக்கியவர் ஏர்ல் தாம்சன். அப்பொழுதும் எல்லாக் கியருக்கும் அது கிட்டிவிடவில்லை. விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் பம்பாயில் மஹிந்திரா பூட்டத் தொடங்கிய வில்லிஸ் ஜீப்பில் மேலிரு கியர்களுக்கு மட்டுமே அவ்வசதி. ஓடும் ஜீப்பை முதல் கியருக்கு இறக்கினால் எழுந்த கரகரப்பு பழுதன்று, அமைப்பின் இயல்பு. இன்றைய வண்டியில் ‘கரகர’ கேட்டால் கிளட்ச் முழுதாக விடுபடவில்லை, அல்லது ஒத்திசைவு வளையம் தேய்ந்துவிட்டது என்று பொருள்.

நம் ‘டக்’ இதற்கு உறவினன் அல்லன். அவன் பிறந்தது 1898இல், லூயி ரெனோவின் சிறு வண்டியில். அதுவரை பல வண்டிகளில் பின்சக்கரங்களைச் சுழற்றியது சங்கிலி. ரெனோ அதற்கு மாற்றாக நீண்ட தண்டு ஒன்றை வைத்தார். எஞ்சின் சட்டத்தில் நிற்க, பின் அச்சோ ஸ்பிரிங்கின் மேல் ஏறியிறங்கும். ஆகவே தண்டு வளைந்து கொடுக்க வேண்டும். அதற்கு மூட்டுகள் தேவை. நீளமும் கூடிக் குறைய வேண்டும். அதற்கு ஒன்றினுள் ஒன்று சறுக்கும் வரிப்பற்கள் தேவை. மூட்டு புதியதன்று. பதினாறாம் நூற்றாண்டின் கார்டானோ பெயரை ஐரோப்பிய மொழிகள் பல அதற்கு இட்டிருக்கின்றன. பதினேழாம் நூற்றாண்டில் ராபர்ட் ஹூக் அதை வானியல் கருவிகளில் கையாண்டார். கருவி மேசையிலிருந்த மூட்டு தெருப்புழுதிக்கு வந்ததும் தேயத் தொடங்கியது. கார்னெல் பல்கலைக்கழகத்தில் பயின்ற கிளாரன்ஸ் ஸ்பைசர் 1903இல் உறையிட்ட மூட்டுக்குக் காப்புரிமை பெற்றது இதன் பின்னணியில்தான். கண்டுபிடிப்புகளின் வரலாற்றை எழுதுவோர் தேய்மானத்தின் வரலாற்றை எழுதாமல் விட்டுவிடுவது எனக்கு நெடுநாள் மனக்குறை.

1988இல் வந்த டாடாமொபைல் முதல் இன்றைய பொலிரோ பிக்அப் வரை நம் சாலைகளின் பிக்அப்கள் பலவும் இந்த ஏற்பாட்டின் வழிவந்தவையே. கியர் பாக்ஸின் பற்கள், சறுக்கும் வரிப்பற்கள், மூட்டின் கிராஸ், பின்அச்சின் கிரவுன் – பினியன் என ஒவ்வோரிடத்திலும் சிறிது தளர்வு உண்டு. எண்ணெய் படர்வதற்கும் வெப்பத்தில் உலோகம் விரிவதற்கும் அத்தளர்வு வேண்டும். கிளட்சை மிதிக்கையில் விசை நீங்குகிறது. விடுகையில் அத்தனை தளர்வும் ஒரே நொடியில் இறுகி மோதுகின்றன. ரிவர்ஸிலிருந்து முதல் கியருக்கு மாறுகையில் விசையின் திசையே திரும்புவதால் ஒலி உச்சம் கொள்கிறது.

எனவே சோதனையைத் தண்டிலிருந்து தொடங்குவதே முறை. சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை கொடுத்து, எஞ்சினை அணைத்து, நியூட்ரலில் வைத்து, தண்டைக் கையால் இருபுறமும் திருகிப் பார்க்க வேண்டும். மூட்டின் ஒரு கவை அசைந்து மறுகவை அசையாதிருந்தால் கிராஸ் போயிற்று. அதன் மூடியோரம் செந்துரு பொடியாய்ப் படிந்திருப்பதும் சான்று. மூட்டுகள் உறுதியாயிருந்தும் தண்டு கணிசமாகத் திரும்பினால் கிரவுன் – பினியனைப் பார்க்க வேண்டும். வரிப்பற்கள் வறண்டிருந்தால் கிரீஸ் அடித்தவுடன் ஒலி அடங்குவதும் உண்டு. இதைவிட மலிவான மருத்துவம் இல்லை. எஞ்சின், கியர் பாக்ஸ் தாங்கும் ரப்பர்கள் கிழிந்திருக்கின்றனவா, பின்அச்சைப் பட்டையோடு பிணைக்கும் யூ-போல்ட் தளர்ந்திருக்கிறதா என்பதையும் விடக்கூடாது. இவை அனைத்தும் தேறிய பின்பே கியர் பாக்ஸின் முறை. தேய்ந்த கிராஸை அலட்சியம் செய்தால் ஓட்டத்தில் தண்டே கழன்று சாலையில் விழக்கூடும்.

கிராஸ் மாற்றத் தண்டைக் கழற்றுமுன் இணைப்புகளில் சுண்ணாம்புக்கட்டியால் குறியிட்டுக்கொள்வது நன்று. சாய்வாகச் சுழலும் ஹூக்கின் மூட்டு ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை விரைந்து இருமுறை தணியும்; தண்டின் இருமுனைக் கவைகளும் ஒரே தளத்தில் இருந்தால் ஒன்றின் ஏற்ற இறக்கத்தை மற்றது ஈடுகட்டிவிடும். வரிப்பற்களில் ஒரு பல் தள்ளிக் கோத்தாலும் அந்த ஈடு குலைந்து, ‘டக்’ போன இடத்தில் ‘கிடுகிடு’ வந்து சேரும்.