பொய்க்கண்ணின் வரலாறு

கண்ணையிடந்து அப்பிய கண்ணப்பரைக் கைகூப்பித் தொழும் நம்மவர், ஒற்றைக்கண் உடைய அயலான் எதிர்ப்பட்டால் சகுனத்தடையென்று வீடு திரும்புவதுண்டு. ஜொகூர்த் தோட்டக் கிராணியாகிய நாம் இதை நேரிற் கண்டோம். செம்பனைக் குலை அறுக்கையிற் கண்ணொன்றை இழந்த தொழிலாளி ஒருவர் நம்முடன் சிங்கப்பூருக்கு வந்தார். சிராங்கூன் சாலையில் இரவிலுங்கூடக் கறுப்புக் கண்ணாடியை அவர் கழற்றவில்லை. இக்கட்டுரைக்கு அதுவே காரணம்.

பொய்க்கண் நேற்றுத் தோன்றியதன்று. ஈரானின் ஷார்-இ சோக்தா என்னும் பாழ்நகரில், ஏறத்தாழ 5,000 ஆண்டுகட்கு முன் வாழ்ந்த பெண்ணொருத்தியின் எலும்புக்கூட்டிற் பொன்னிழை பதித்த கண்ணொன்று 2006இல் அகப்பட்டது. 16ஆம் நூற்றாண்டிற் பிரெஞ்சு வைத்தியர் அம்புரோஸ் பாரே பொன்னாலும் வெள்ளியாலும் ஆன கண்களை விவரித்தார். 1835இல் ஜெர்மனியின் லௌஷா ஊரில் லுத்விக் முல்லர்-ஊரி கண்ணாடிக் கண் செய்யத் தொடங்கினார். இரண்டாம் உலகப்போரில் ஜெர்மன் சரக்கு வரவு நின்றது. அப்போது அமெரிக்கப் படையின் பல் வைத்தியப் பிரிவினர், பற்செட்டுக்குரிய அக்ரிலிக்கைக் கொண்டு கண் செய்தனர். இன்றும் பெரும்பான்மை அதுவே.

எனினும் ஒரு குறை நின்றது. தேக்காச் சந்தையின் நண்பகல் வெயிலில் மெய்க்கண்ணின் பாவை சுருங்கும். ஐந்தடிப் பாதையின் நிழலில் விரியும். பொய்க்கண்ணின் பாவையோ எழுதிய அளவிலேயே நிற்கும்.

வெயிலிற் கறுக்கும் கண்ணாடியை 1960களில் அமெரிக்கக் கார்னிங் நிறுவனத்தார் படைத்தனர். அதைப் பொருத்தினால் குறை தீருமா? தீராது. பாவை வெயிலிற் சிறுக்க வேண்டும்; அப்பொருளோ வெயிலிற் கறுப்பை மிகுவிக்கும். பாவை நொடியில் இயங்கும். அது மீண்டும் வெளுக்கப் பல நிமிடம் கொள்ளும். ஆதலின் 2010இல் கனடாவின் மாண்ட்ரியால் ஆய்வாளர், கடிகார முகப்பிற் காணும் திரவப் படிகத்தைக் கொண்டு ஒளிக்கேற்ப மாறும் பாவையை அமைத்துக் காட்டினர். 2017இல் பின்லாந்தின் தம்பெரே நகர ஆய்வாளர், மின்கலமின்றி ஒளி பட்டவுடன் தானே சுருங்கும் மெல்லிய திரவப் படிக வளையத்தைச் செய்தனர். இவை ஆய்வுக்கூடத்துச் சாதனைகள், கடைச்சரக்கல்ல.

நம்மவர் இதற்காக ஏங்கிக் காத்திருக்க வேண்டுவதில்லை. கரும்பழுப்பு விழியிற் பாவையின் எல்லை எளிதில் தெரியாது. பளிச்சென்ற வெள்ளை விழிவெண்மையே ஆளைக் காட்டிக்கொடுக்கும். நம்மவர் விழிவெண்மையிற் சிறிது பழுப்புக் கலந்திருப்பதுண்டு. ஆகவே ஆயத்தமாய்க் கிடைக்கும் கண்ணை வாங்காது, மற்றைக் கண்ணைப் பார்த்து எழுதுவித்த கண்ணைப் பெறுதலே நன்று.

கைவினை தன் கடனைச் செய்துவருகின்றது. சகுனம் பார்க்கும் நோய்க்கு அக்ரிலிக்கும் படிகமும் மருந்தாகா; அதை நாமே ஒழித்தல் வேண்டும். அன்று அத்தோழர் பகலில் வெயிலுக்கு மட்டுமே கறுப்புக் கண்ணாடி அணிவார்.