ஒரு திரையரங்கு, மூன்று பெயர்கள்

கொல்கத்தாவின் சௌரங்கிப் பகுதியில், மாநகராட்சித் தலைமையகத்துக்கு அருகே ஒரு திரையரங்கு இருந்தது. இந்தியாவில் திரைப்படத்துக்கென எழுந்த முதல் நிரந்தரக் கட்டடம் என்று வரலாற்று நூல்கள் பலவும் சுட்டுவது அதனையே. அது இன்று இல்லை. நூறாண்டு கடந்த அவ்வரங்கு தாங்கிய மூன்று பெயர்களைப் பெயராய்வு நோக்கில் அணுக முற்படுகிறேன்.

முதற்பெயர் எல்பின்ஸ்டன் பிக்சர் பேலஸ். 1902இல் மைதானத்தில் கூடாரமிட்டு பயாஸ்கோப் காட்டத் தொடங்கிய பார்சி வணிகர் ஜாம்ஷெட்ஜி ஃப்ராம்ஜி மதன், 1907இல் இதனை நிறுவினார். எல்பின்ஸ்டன் பம்பாய் மாகாணத்தின் ஆளுநராக இருந்தவர். அவர் பெயர் கல்கத்தாவுக்கு வந்த வழி பார்சி நாடக மேடை. இளமையில் பம்பாயின் எல்பின்ஸ்டன் நாடகக் குழுவில் பயின்ற மதன், அப்பெயரைத் தம் தொழிலோடு கிழக்கே கொண்டுவந்தார். நாடக முதலீடு திரைப்பட முதலீடாக மாறிய வரலாற்றுக்கு இப்பெயரே சான்று.

அடுத்த பெயர் மினர்வா. இங்கு ஆய்வாளர்க்கு எச்சரிக்கை தேவை. 1893இல் பீடன் தெருவில் தொடங்கப்பெற்ற மினர்வா நாடக அரங்கு வேறு, இத்திரையரங்கு வேறு. பழைய ஆவணத்தில் ‘மினர்வா’ என்று மட்டும் காணின், தெருப்பெயரை நோக்காமல் முடிவுக்கு வருதல் பிழையாகும்.

மூன்றாவது பெயர் சாப்ளின். 1980களில் மாநகராட்சியின் பொறுப்பில் அரங்கு புதுப்பிக்கப்பட்டபோது இப்பெயர் பெற்றது. ஆளுநரிலிருந்து ரோமானியத் தெய்வத்துக்கும், அங்கிருந்து நாடோடி வேடக் கலைஞனுக்கும் நகர்ந்த இவ்வரிசையில் அதிகாரத்தின் இடமாற்றம் தெளிவாகவே தெரிகிறது. இடதுசாரி ஆட்சி நிலவிய நகரத்தில், அமெரிக்கா புறக்கணித்த கலைஞனின் பெயர் பொருந்தியதில் வியப்பில்லை.

2013இல் கட்டடம் இடிக்கப்பட்டது. பொதுச்சொத்தாக இருந்தும் அது தப்பவில்லை என்பதே என்னை உறுத்துகிறது. சென்னை அண்ணா சாலையில் 1913இல் எழுந்த எலெக்ட்ரிக் தியேட்டர் மிகச் சில ஆண்டுகளே திரையரங்காக இயங்கியது. ஆயினும் அஞ்சல் துறையின் கைக்குச் சென்று, தபால்தலைச் சேகரிப்பாளர்க்கான நிலையமாகி, இன்றளவும் நிற்கிறது. ஒன்று நெடுங்காலம் திரையரங்காகவே வாழ்ந்து அழிந்தது. மற்றொன்று திரையரங்காக வாழ்வதை நிறுத்திக்கொண்டதால் எஞ்சியது. இரண்டும் அரசின் வசமே இருந்தன. ஆகவே, உடைமை மட்டும் ஒரு கட்டடத்தைக் காப்பதில்லை. நாள்தோறும் அதற்கொரு பயன் இருத்தல் வேண்டும்.

கட்டடம் போனபின் எஞ்சுபவை பெயர்களே. விளம்பரத் துண்டு, நுழைவுச்சீட்டு, பேருந்து நிறுத்தத்தின் பெயர், முதியோர் வழி சொல்லும் பேச்சு ஆகியவற்றில் அவை இன்னும் உலவுகின்றன. மாணவ நண்பர்கள் தத்தம் ஊரில் மூடப்பட்ட ஓர் அரங்கைத் தேர்ந்து, அதன் பெயர்களை ஆண்டு வரிசையில் தொகுத்துப் பார்க்கலாம். பெரும் நிதி வேண்டாத ஆய்வு இது. ஆனால் தள்ளிப்போடத்தக்கதன்று, அப்பெயர்களைச் சொல்வோர் நாளும் குறைந்துவருகின்றனர்.