வீட்டு ஒயரும் திருவிழா ஒயரும்

தேவிபட்டினத்தில் ஆடி அமாவாசை, தை அமாவாசை நாட்களில் கடலுக்குள் நிற்கும் நவபாஷாணத்தைத் தேடிக் கூட்டம் திரளும். அறிவிப்பைக் கரையிலும் தெருவிலும் கேட்கச் செய்வது கம்பத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர். அதே ஊரில் ஒரு வீட்டுக் கூடத்தில், நாற்காலிக்கு எதிரே இரண்டு பாக்ஸ் ஸ்பீக்கர் வைத்துப் பாட்டுக் கேட்பவரும் இருக்கிறார். இரண்டிலும் ஆம்ப்ளியிலிருந்து ஸ்பீக்கருக்குப் போவது இரட்டை ஒயர்தான். ஆனால் ஒன்றின் கணக்கு மற்றதற்கு உதவாது. காரணம் தூரம்.

100 வாட்டை 8 ஓம்ஸ் ஸ்பீக்கருக்கு அனுப்ப ஏறத்தாழ 28 வோல்ட் போதும். ஆனால் கரண்ட் மூன்றரை ஆம்பியர் ஓடும். 1 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரை 100 மீட்டர் இழுத்தால், போக வர 200 மீட்டருக்கு மின்தடை சுமார் 3.4 ஓம். ஆம்ப்ளி தரும் சக்தியில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவானது ஒயரிலேயே சூடாகிப் போய்விடும். சவுண்டு சர்வீஸ்காரர்கள் இதற்குக் கண்ட வழி 100 வோல்ட் லைன். வோல்டேஜை ஏற்றி அனுப்பி, ஒவ்வொரு குழாயிலும் உள்ள லைன் டிரான்ஸ்பார்மரில் இறக்கிக்கொள்வார்கள். அதே 100 வாட்டுக்கு இப்போது ஒரு ஆம்பியர்தான். அதே ஒயரில் இழப்பு 3 சதவீதத்தை ஒட்டியே நிற்கும். மின்வாரியம் ஊருக்கு ஊர் கரண்ட் கொண்டுபோவதும் இந்தக் கணக்கில்தான்.

லைனில் ஓம்ஸ் கணக்குக் கிடையாது. பத்துக் குழாய், ஒவ்வொன்றும் 10 வாட் என்றால் மொத்தம் 100 வாட். ஆம்ப்ளி அதற்கு மேல் இருந்தால் சரி. ஒலி ஒரு வினாடிக்கு 340 மீட்டர்தான் போகும் என்பதால் 100 மீட்டர் தள்ளிய குழாயின் சொல், அருகிலுள்ள குழாயின் சொல்லுக்குக் கால் வினாடிக்கு மேல் பிந்திக் காதில் விழுந்து குழப்பும். ஆகவே ஒரே குழாயை அலறவிடாமல், வாட் குறைத்துப் பல குழாய்களை நெருக்கமாகக் கட்டுவதே நல்ல வேலை.

வீட்டில் ஐந்தாறு மீட்டர்தான். டிரான்ஸ்பார்மர் தேவையே இல்லை. அங்கே கவனிக்க வேண்டியது வேறு. 8 ஓம்ஸ் பாக்ஸ் இரண்டை இணையாகக் கொடுத்தால் 4 ஓம், மூன்று என்றால் 2.7 ஓம் வரை இறங்கும். ஆம்ப்ளியின் பின்னால் 4 ஓமுக்குக் குறையக் கூடாது என்று எழுதியிருந்தால், மூன்றாவது பாக்ஸில் அது கொதித்து அணையும். பிளஸ், மைனஸ் ஒரு பக்கம் மாறினால் இரண்டு பாக்ஸும் ஒன்றை ஒன்று எதிர்த்துத் தள்ளி, மிருதங்கத்தின் தொப்பி ஒலி காணாமல் போகும். 1.5 வோல்ட் பேட்டரியை ஒயரில் ஒரு நொடி தொட்டால் கோன் வெளியே தள்ள வேண்டும். அப்போது பேட்டரியின் பிளஸ் தொட்ட ஒயரே பிளஸ்.

இரண்டையும் கலந்தால்தான் ஆபத்து. டிரான்ஸ்பார்மர் இல்லாத வீட்டு பாக்ஸை 100 வோல்ட் லைனில் கொடுத்தால் ஸ்பீக்கர் காயில் கருகும். குழாயை அதன் டிரான்ஸ்பார்மரோடு வீட்டு ஆம்ப்ளியில் கொடுத்தால் எதுவும் எரியாது, முணுமுணுக்கும். லைன் ஓடும்போது ஜாயின்டைக் கையால் தொடவும் கூடாது.

கடற்கரை ஊரில் இரண்டுக்கும் பொதுவான எதிரி உப்புக் காற்று. முறுக்கி டேப் சுற்றிய ஜாயின்டில் களிம்பு ஏறும், சத்தம் கரகரக்கும். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் செம்பு பூசிய அலுமினிய ஒயர் இங்கே இன்னும் மோசம்: அலுமினியத்தின் தடை செம்பைப்போல் 1.6 மடங்கு, இரண்டு உலோகம் உப்பு ஈரத்தில் சேர்ந்தால் அரிப்பும் விரைவு. வாங்கும்போது இழையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக இருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். வீட்டுக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் சுத்தச் செம்பு போதும். ஜாயின்டை ஈயம் வைத்துப் பற்றவைத்து, ஈரம் புகாமல் மூடுங்கள்.