ஜன்னலோர சீட்டு

எங்கள் பக்கத்தில் ஒருவருடைய வயதைத் தெரிந்துகொள்ள ஆதார் கார்டு தேவையில்லை. போடி ரயிலைப் பற்றிக் கேட்டால் போதும். "தண்டவாளத்தைப் பேத்து எடுத்துட்டுப் போனத நான் பாத்துருக்கேன்" என்றால் தொண்ணூறை நெருங்கியவர் அல்லது தாண்டியவர். "கரி இன்ஜின்ல போயிருக்கேன், கண்ணுல தூசி விழும்" என்றால் என் அப்பாவின் செட்டு. "ரயிலா? அது எங்க ஓடுச்சு?" என்றால் 2011-க்குப் பிறகு பள்ளிக்கூடம் போன பிள்ளை. நூறு வருடத்துக்குள் இரண்டு தடவை செத்து, இரண்டு தடவை பிழைத்த பாதை அது.

இந்த ரயிலின் கதை மலையில் தொடங்குகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மூணாறுத் தேயிலை குண்டளைப் பள்ளத்தாக்கின் குட்டி ரயிலில் டாப் ஸ்டேஷன் வரை வரும். அங்கிருந்து ரோப்வேயில் தொங்கிக்கொண்டு கொட்டகுடிக்கு இறங்கும். பிறகு மாட்டு வண்டியில் போடி. 1924 வெள்ளம் மூணாறு ரயிலை அடித்துக்கொண்டு போய்விட்டது. நான்கு வருடம் கழித்து, 1928இல், மதுரைக்கும் போடிக்கும் நடுவே சுமார் 90 கிலோமீட்டருக்கு மீட்டர் கேஜ் பாதை வந்தது. ஏலக்காய், தேயிலை, காபி, இலவம்பஞ்சு எல்லாம் சந்தைக்குப் போக வேண்டும் என்பதுதான் முக்கியக் கணக்கு. அந்தக் கணக்கில் குழந்தைகள் எங்கேயும் இல்லை.

இரண்டாம் உலகப்போர் வந்ததும் இரும்பு தேவைப்பட்டது. நாட்டின் பல கிளைப் பாதைகளைப்போல இதையும் பெயர்த்தார்கள். தாத்தாவின் வாலிபம் வெறும் மண்மேட்டைப் பார்த்துக்கொண்டே கழிந்தது. ஐம்பதுகளில்தான் தண்டவாளம் திரும்பி வந்தது. அப்பா அந்த இரண்டாவது ரயிலின் பிள்ளை.

நாங்கள் தேவாரம். மலை அடிவாரம். எங்கள் ஊருக்கு ரயில் வந்ததே கிடையாது. ராசிங்காபுரம், சிலமலை தாண்டி போடிக்குப் போனால்தான் ரயில். ஆனால் எங்களுக்கு வேறொரு பாதை இருந்தது: சாக்குலூத்து மெட்டு. மலைமேல் ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போகும் கால்நடைப் பாதை. திருவிதாங்கூரின் கையில் இருந்த அந்த மலை, 1956இல் மொழிவாரி மாநிலம் பிரித்தபோது கேரளாவோடு நின்றுவிட்டது. எல்லைக்கோடு மாறினாலும் மாறாவிட்டாலும் கூலிக்கு ஏறுகிறவர்கள் ஏறிக்கொண்டுதான் இருந்தார்கள். தாத்தா அப்படி ஏறியவர். ஏறினால் வாரக்கணக்கில் தோட்டத்திலேயே தங்கல்.

அப்பா தன் சின்ன வயதைச் சொல்ல ஆரம்பித்தால் இதில் எதுவும் வராது. அட்டைப்பூச்சி வராது, மழையில் ஒழுகும் லயன் வீடு வராது, தாத்தா இல்லாத ராத்திரிகள் வராது. ரயில் மட்டும்தான் வரும். சித்திரைத் திருவிழாவுக்கு மதுரைக்குப் போனது, ஆண்டிபட்டிக் கணவாயில் இன்ஜின் மூச்சு வாங்கியது, உசிலம்பட்டியில் வாங்கித் தின்ற வேர்க்கடலை. வரலாறு படிக்கிறவன் என்ற முறையில் எனக்கு இது உறுத்தும். வறுமையை வடிகட்டிவிட்டு இனிப்பை மட்டும் கையில் கொடுக்கிற ஞாபகத்தை எப்படி நம்புவது?

'நாஸ்டால்ஜியா' என்ற வார்த்தையே ஒரு நோயின் பெயராகத்தான் பிறந்தது. 1688இல் பாசல் நகரில் யோஹன்னஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர் தன் ஆய்வேட்டுக்காகக் கிரேக்கத்திலிருந்து இரண்டு சொற்களை எடுத்து ஒட்டினார்: வீடு திரும்புதல், வலி. ஊரை விட்டுப் போனவர்களைப் பிடிக்கும் அந்த நோய்க்கு அவர் சொன்ன மருந்து, ஊருக்கே திருப்பி அனுப்புவது. நூறு வருடம் கழித்து, 1798இல், தத்துவவாதி இம்மானுவேல் காண்ட் இதில் ஒரு ஓட்டையைக் காட்டினார். திரும்பிப் போகிறவர்கள் அங்கே ஏமாந்துபோகிறார்கள்; ஊர் மாறிவிட்டது என்று நினைக்கிறார்கள்; உண்மையில் அவர்கள் தேடியது ஊரை அல்ல, இளமையை; அது கிடைக்காது என்று தெரிந்ததும் நோய் தீர்ந்துவிடுகிறது என்றார்.

காண்ட் சொன்னதைச் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பு எத்தனை பேருக்குக் கிடைக்கும்? தேனி மாவட்டத்துக்குக் கிடைத்தது.

2010 டிசம்பர் 31-உடன் மீட்டர் கேஜ் ரயில் நின்றது. அகலப்பாதையாக மாற்றப் போகிறோம் என்றார்கள். 1000 மில்லிமீட்டர் இடைவெளி 1676 ஆக வேண்டும். எங்கள் தொழிலில் பழைய சிஸ்டத்தை ஓடவிட்டபடியே புதியதைப் பக்கத்தில் கட்டுவோம். இங்கே பழையதை நிறுத்திவிட்டுத்தான் புதியதைத் தொட முடிந்தது. நிதி சொட்டுச்சொட்டாக வந்தது. பஸ் போதுமே என்று எளிதாக விட்டிருக்கலாம். விடாமல் மனு கொடுத்தவர்களில் வியாபாரிகள் இருந்தார்கள். அவர்களுக்கு ஏலக்காய்க் காரணம் இருந்தது. கூடவே, எந்த வியாபாரமும் இல்லாத பெரியவர்களும் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களிடம் இருந்தது ஞாபகம் மட்டும்தான். 2022 மே 26 அன்று தேனி வரை ரயில் தொடங்கி வைக்கப்பட்டது. 2023 ஜூன் 15 அன்று போடி வரை நீண்டது.

அந்த மாதமே அப்பாவைக் கூட்டிக்கொண்டு ஏறினேன். அறுபத்தேழு வயது மனுஷர், பிளாட்பாரத்தில் எல்லாரையும் முந்திக்கொண்டு போய் ஜன்னலோர சீட்டைப் பிடித்தார். கரி வாசனை கிடையாது, மரப் பெஞ்சு கிடையாது. காண்ட் சொன்ன ஏமாற்றம் முகத்தில் எப்போது தெரியும் என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். கணவாய் வந்ததும் அவரே பேசினார்.

"வண்டி வேற. அது தெரியும்ப்பா. ஆனா மல அதேதான்."

கொஞ்ச நேரம் கழித்து, ஜன்னலைப் பார்த்தபடியே:

"தாத்தா ஒரு தடவகூட ஜன்னல்ல உக்காந்ததில்ல. எப்பவும் என்னையத்தான் உக்கார வப்பாரு. அவரு என்ன பாத்தாருன்னே தெரியல."

அந்த ரயில் கதைகளில் எத்தனையோ தடவை கேட்டும் நான் கவனிக்காமல் விட்டது இதைத்தான். வருடம் முழுக்க மலையில் இருந்த ஒருவர், மகனோடு சேர்ந்தாற்போல் சில மணி நேரம் உட்கார்ந்திருந்த இடம் அந்த ரயில். அப்பா வறுமையை வடிகட்டவில்லை. இல்லாத அப்பா இருந்த பயணம் எதுவோ, அதைப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார். மூட்டைகளுக்காகப் போட்ட பாதையில் ஒரு கூலிக்காரர் தன் பிள்ளைக்கு ஜன்னலை எடுத்துக் கொடுத்திருக்கிறார். எஸ்டேட் கணக்குப் புத்தகத்திலோ ரயில்வே அறிக்கையிலோ இது வர வாய்ப்பே இல்லை. அப்பாவின் ஞாபகம்தான் இதற்கு இருக்கிற ஒரே ஆவணம்.

பெரியவர்களின் பழங்கதையைக் கேட்டு 'மனசு இன்னும் சின்னப் பிள்ளையாவே இருக்கு' என்று சிரித்துக் கடந்துவிடுகிறோம். அப்பாவின் மனசு இளமையாக இருப்பது உலகம் தெரியாததால் அல்ல. தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போனாலும் திரும்பி வரும் என்பதைப் பார்த்த மண்ணில் வளர்ந்தவர் அவர். அதனால் அவருடைய ஏக்கம் பின்னால் திரும்பிப் பார்ப்பதோடு நிற்பதில்லை. மனு எழுதவும் வைக்கிறது.

இப்போது அவருக்கு அடுத்த கவலை தொடங்கிவிட்டது. திண்டுக்கல்லிலிருந்து கம்பம் வழியாக லோயர்கேம்ப் வரை ரயில் வேண்டும் என்பது பள்ளத்தாக்கு மக்களின் பல வருடக் கோரிக்கை. சாக்குலூத்து மெட்டுக்கு ரோடு வேண்டும் என்பது எங்கள் ஊரின் கோரிக்கை. இரண்டும் இன்னும் காகிதத்தில்தான் இருக்கின்றன. "வந்துரும்ல?" என்று கேட்கிறார். வந்தால் ஜன்னலோர சீட்டு யாருக்கு என்பதைத்தான் இன்னும் சொல்ல மாட்டேன் என்கிறார்.