இரும்புக் குதிரைகள் – 19: பட்டி பார்க்காத பச்சை மஸ்டாங்

1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்திய கட்டத்தில் சென்ற வாரம் விட்டோம். டெட்ராய்ட் ஆலைகள் என்ன ஆயின என்பதை இன்று சொல்ல வேண்டும். அதற்கு முன் ஒரு வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

1974 மார்ச்சில் தடை விலகியது. பெட்ரோல் பங்க் வரிசைகளில் காத்துக்கிடந்த கசப்பு மட்டும் மக்களுக்குப் போகவில்லை. அந்த ஆண்டுதான் நியூஜெர்சியைச் சேர்ந்த ஒருவர் பத்திரிகை விளம்பரம் பார்த்து ஒரு பழைய ஃபோர்டு மஸ்டாங்கை வாங்கினார். 1968 மாடல், 390 கன அங்குல எஞ்சின், 325 குதிரைத்திறன். கொடுத்த விலை 6,000 டாலர். புது மஸ்டாங்கையே அதைவிடக் குறைவாக வாங்கியிருக்கலாம்.

அவர் ஏமாறவில்லை. சான் பிரான்சிஸ்கோவின் மேட்டுத் தெருக்களில் ஒரு கறுப்பு டாட்ஜ் சார்ஜரைப் பத்து நிமிடத்துக்கு மேல் துரத்தும் ‘புல்லிட்’ படத்து வண்டி அது. ஸ்டீவ் மெக்வீன் உட்கார்ந்து ஓட்டிய வண்டி. படத்துக்கு இரண்டு மஸ்டாங்குகள். பாய்ந்து குதித்து அடிவாங்கிய இன்னொன்று பழைய இரும்பென்று கழிக்கப்பட்டு, பல ஆண்டுகள் கழித்து மெக்சிகோவில் மீண்டும் கிடைத்தது.

வாங்கியவர் வீட்டில் இதை யாரும் பூஜையில் வைக்கவில்லை. மனைவி பள்ளி ஆசிரியை. வேலைக்கு இதில்தான் போய்வந்தார். 1977இல் மெக்வீனே கடிதம் எழுதி, வண்டியைத் திருப்பித் தர முடியுமா என்று கேட்டார். கொடுக்கவில்லை! உலகமே கொண்டாடிய நடிகர் கேட்டும் அசையாத அந்த மனிதரைத்தான் இந்தக் கதையின் நாயகன் என்பேன். 1980இல் கிளட்ச் போனது. வண்டி ஓரங்கட்டப்பட்டது. அதன்பின் பல வருடங்கள் குடும்பம் வாயே திறக்கவில்லை.

2014இல் அவர் இறந்தார். மகன் வண்டியை ஓடும் நிலைக்குக் கொண்டுவந்தார். 2018 டெட்ராய்ட் கண்காட்சியில் அது மேடையேறியது. பச்சை மங்கியிருந்தது, துரு ஏறியிருந்தது, படப்பிடிப்புக் கேமராவுக்காகப் பற்றவைத்த இரும்புகள் அடியில் அப்படியே இருந்தன. பட்டி, டிங்கரிங் பார்த்துப் பளபளவென்று ஆக்கியிருந்தால் அந்த வண்டியைக் கொன்றிருப்பார்கள். பழைய வண்டியைச் சுரண்டிப் புதுசாக்கி விற்பவர்கள் மேல் எனக்குத் தீராத கோபம் உண்டு. அவர்கள் சுரண்டி எறிவது பெயின்டை மட்டுமல்ல, சாட்சியத்தை.

2020 ஜனவரி, புளோரிடாவின் கிஸ்ஸிமீ நகர ஏலம். 34 லட்சம் டாலரில் சுத்தியல் விழுந்தது, கமிஷனோடு 37.4 லட்சம். இதற்கு ஆறு வருடம் முன்பு 1971 பிளிமத் ஹெமி குடா கன்வர்டிபிள் ஒன்று 35 லட்சத்துக்குப் போனது. விரல்விட்டு எண்ணும் அளவில்தான் அவை தயாராயின, ஆகவே அந்த விலை. மஸ்டாங்கோ 1968இல் மட்டும் 3 லட்சத்துக்கு மேல் விற்ற வண்டி. அத்தனையில் இந்த ஒன்றுக்கு விலை வந்தது அதன் துருவுக்கும் கீறலுக்கும் சேர்த்துத்தான்.

டெட்ராய்ட் ஆலைகளுக்கு அடுத்த இதழில் கட்டாயம் போகிறோம்.