வள்ளி திருமணமும் லண்டன் பாண்டமைமும்

உத்தமபாளையம், கம்பம் வட்டாரத்தில் அம்மன் பொங்கலுக்கு 'வள்ளி திருமணம்' நாடகம் வைத்தால், முருகனுக்கு முன்பே மேடையேறிவிடுபவர் பபூன். ஆர்மோனியமும் மிருதங்கமும் துணைநிற்க, கூட்டத்தோடு நேராகப் பேசுவார். டான்ஸ்காரியோடு தர்க்கம் செய்வார். ஊர்ச் செய்தியை இழுத்துவந்து சிரிக்கவைப்பார். அதன்பிறகே கதை. ஸ்பெஷல் நாடகம் எனப்படும் இவ்வகையில் ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்து அன்றிரவு மேடையில்தான் சேர்கிறார்கள், ஒத்திகை கிடையாது. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வகுத்துத் தந்த பாடல்களும் தர்க்கங்களும் எல்லோருக்கும் மனப்பாடம். கூட்டத்துக்கும் கதை தெரியும். தெரிந்த கதை என்பதால்தான் இடையில் எதையும் பேச இடம் கிடைக்கிறது.

இங்கிலாந்தில் கிறிஸ்துமஸ் காலத்தில் நடக்கும் பாண்டமைம் என்னும் கேளிக்கை நாடகமும் இதே பலத்தில் நிற்பது. அலாவுதீன், சிண்ட்ரெல்லா என்று குழந்தைகளுக்கும் தெரிந்த கதைகள். கிழவி வேடம் ஆணுக்கு. நாயகன் வேடம் வெகுகாலம் பெண்ணுக்கு. வில்லன் பின்னால் வந்தால் அரங்கமே கத்தி எச்சரிக்கும். இத்தாலிய முகமூடி நாடகங்களின் ஹார்லெக்வினை 18-ஆம் நூற்றாண்டில் ஜான் ரிச் பேசாத பாத்திரமாக்கி லண்டனில் பெரும்புகழ் பெற்றார். 1737-ஆம் ஆண்டுச் சட்டம் வசன நாடகத்தை உரிமம் பெற்ற அரங்குகளுக்குள் அடைத்தது. சாட்லர்ஸ் வெல்ஸ் போன்ற மற்ற அரங்குகள் பாட்டையும் ஆட்டத்தையும் உடல்மொழியையும் நம்பிப் பிழைத்தன. அங்கே சிறுவயதிலிருந்தே ஆடி வளர்ந்தவர் ஜோசப் கிரிமால்டி. 1806-இல் கோவென்ட் கார்டனில் 'மதர் கூஸ்' பாண்டமைமில் அவர் ஏற்ற கோமாளி வேடம் அந்தக் கலைக்கே முகமாயிற்று. 1843-இல் வசன நாடகத்தின் மீதான அந்தத் தடை நீங்கியதும் சிலேடையும் அரசியல் கேலியும் வசனமாகப் பெருகின.

நம் பபூன் அங்கிருந்து வந்தவர் என்று சொல்லமாட்டேன். பெயரும் சர்க்கஸ் சாயலும் வந்திருக்கலாம். தெருக்கூத்தின் கட்டியங்காரன் அவருக்கு மூத்தவர். வேடம் மாறுவதும் நமக்குப் புதிதல்ல: கே.பி. சுந்தராம்பாள் நந்தனாராக நடித்தார், டி.கே. சண்முகம் ஔவையாராகவே பெயர் பெற்றார்.

ஒப்பிட வேண்டியது சட்டத்தை மீறி மேடை பேசிய விதத்தை. 1876-இன் நாடக நிகழ்ச்சிச் சட்டம் இங்கே ஆட்சியை விமர்சிக்கும் நாடகங்களைத் தடுக்க வந்தது. நாடக நடிகர் எஸ்.எஸ். விசுவநாததாஸ் புது நாடகம் எழுதவில்லை. வள்ளியின் தினைப்புனத்தில் பறவை விரட்டும் கட்டத்திலேயே வெள்ளையனைக் கொக்காக்கி விரட்டினார். அதற்காகப் பலமுறை சிறை சென்றார். 1940 டிசம்பர் 31-இல் சென்னையில் முருகன் வேடத்தோடு மேடையிலேயே உயிர்விட்டார். லண்டனின் உரிமமில்லா அரங்குகள் ஆடித் தாண்டியதைப் போன்ற தடையை இவர் பாடித் தாண்டினார். இழந்தது இவர்தான் அதிகம்.

இன்னொரு வேறுபாடு என்னை வருத்துகிறது. தணிக்கைக்காக லண்டன் அரங்குகள் அனுப்பிய பாண்டமைம் கைப்பிரதிகள் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. நம் பபூன்கள் விடியவிடியப் பேசியதில் பெரும்பகுதி ஏட்டில் ஏறவே இல்லை. கம்பம் பள்ளத்தாக்கின் கல்லூரித் தமிழ்த்துறைகள், மூத்த கலைஞர்கள் இருக்கும்போதே, அவர்களின் தர்க்கங்களை ஒலிப்பதிவு செய்து எழுத்தாக்க வேண்டும். வரும் அம்மன் பொங்கல் நாடகங்களிலேயே தொடங்கலாம்.